பரிணாம ஏணியின் கடைசிப் படி மனிதன்தானா?

#1 மேலமாசிவீதி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய படம் மறுபடியும் வந்தது. நான்கு காலில் ஒரு குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, கையில் ஈட்டியோடு ஒருவன், கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மனிதன். கீழே சித்தப்பா, 'இத்தனை கோடி ஆண்டு உழைப்பின் முடிவுதான் நாம்' என்று எழுதியிருந்தார். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் தங்கை மகள் உடனே, 'பரிணாமத்துக்கு உச்சம் என்று ஒன்று கிடையாது தாத்தா' என்று பதில் போட்டாள். அதிலிருந்து குழுவில் ஒரே சண்டை.

எனக்குச் சித்தப்பா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. நிலவுக்குப் போனது யார்? சிங்கத்தைக் கூண்டில் அடைத்தது யார்? எழுத்து, கணக்கு, மருத்துவம் எல்லாம் எந்த மிருகத்திடம் இருக்கிறது? இவ்வளவும் செய்த உயிரை உச்சம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். மதம், அரசியல் வேண்டாம்.

#2 சும்மாவந்தவன்

சிங்கத்தைக் கூண்டில் அடைத்தவன்தான் கொசுவுக்குப் பயந்து தானே வலைக்குள் படுத்துக்கொள்கிறான்.

#3 கூழாங்கல்

முதலில் அந்தப் படத்தின் கதை. 1965-இல் டைம்-லைஃப் வெளியிட்ட ஆதிமனிதன் பற்றிய புத்தகத்துக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் என்ற ஓவியர் வரைந்தது. நீளமான மடிப்புத் தாளில் 15 உருவங்கள். அவற்றில் சில நமக்கு நேரடி முன்னோர்களே அல்ல, பக்கத்துக் கிளைகள். ஆனால் வரிசையாக நடந்துபோகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் 'இவன்தான் அவனாக மாறினான்' என்றுதானே தோன்றும்? அறுபது வருடமாக விளம்பரக்காரர்களும் டீ-ஷர்ட் அச்சடிக்கிறவர்களும் அதையே சுருக்கிச் சுருக்கி நான்கு பேரில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

இன்றைய சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. நாம் மாறிய அதே காலம் முழுக்க அவையும் மாறிக்கொண்டுதான் இருந்தன. 2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு இனத்துக்கும் பொதுவான சுமார் 14,000 மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இயற்கைத் தேர்வு சாதகமாகத் தேர்ந்தெடுத்த தடயம் மனிதனில் 154 மரபணுக்களில் இருந்தது, சிம்பன்சியில் 233. கூட்டல் கழித்தல் கணக்கில் பார்த்தால் 'அதிகம் பரிணமித்தது' அதுதான்.

டார்வின் 1837-லேயே தன் குறிப்பேட்டில் வரைந்தது ஏணி அல்ல, கிளை பிரியும் மரம்.

#4 மேலமாசிவீதி

ஏணி இல்லை, மரம். சரி, ஒப்புக்கொள்கிறேன். மரத்திலும் உச்சாணிக் கொம்பு என்று ஒன்று உண்டே?

#5 கூழாங்கல்

இந்த மரத்தில் உயரம் என்பது காலம் மட்டும்தான். இன்றைக்கு உயிரோடு இருக்கிற எல்லாக் கொம்புகளும் ஒரே உயரம். நீங்கள், உங்கள் வீட்டுக் கரப்பான், நேற்று உறை ஊற்றிய தயிரில் இருக்கிற பாக்டீரியா, மூன்று பேருக்கும் பின்னால் அறுந்துபோகாத அதே நீளமான வம்சம் இருக்கிறது.

#6 வெண்பாப்பிரியன்

நம் முன்னோர் இதை எப்போதோ வகுத்துவிட்டார்கள் ஐயா. தொல்காப்பியம் மரபியலில் 'புல்லும் மரனும் ஓரறிவினவே' என்று தொடங்கி, நந்துக்கும் (நத்தை) முரளுக்கும் (சிப்பி வகை) இரண்டு, சிதலுக்கும் (கரையான்) எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, மாவுக்கும் (விலங்கு) மாக்களுக்கும் ஐந்து என்று ஏறி, 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று முடிகிறது. சிவபுராணமும் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பரிணாமத்தைப் பாடுகிறது. டார்வினுக்கு எவ்வளவு முன்பு!

#7 பல்லாண்டு

வெண்பா சார், அந்த நூற்பா அங்கே முடியவில்லையே. அடுத்த அடி 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே'. ஆறறிவு உள்ளவை வேறும் உண்டு என்று ஆசிரியரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நாம்தான் ஆறாவது அறிவை நம் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டோம்.

சிவபுராணத்தையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மரத்துக்குப் பிறகு மிருகம், பறவை, பாம்பு, அப்புறம் கல், அதன் பிறகு மனிதர். மனிதருக்கு அப்புறமும் பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர் என்று போகிறது. அது பிறவிச் சுழற்சியைப் பற்றிய பாடல். அதற்குரிய அழகும் உருக்கமும் அதற்கு இருக்கிறது. அதை இழுத்துவந்து உயிரியல் பாடத்தில் உட்கார வைக்க வேண்டாமே.

#8 இறால்குளம்

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். வேதாரண்யம் பக்கம் இறால் வளர்க்கிறேன். உங்கள் அளவுக்குப் புத்தகம் தெரியாது, குளம் தெரியும்.

காலையில் போய், தீனி தின்கிறதா என்று பார்க்கக் குளத்துக்குள் வைத்த செக் டிரேயைத் தூக்குவோம். முந்தைய நேரத்துத் தீனி அப்படியே கிடந்தால் அப்போதே வயிறு கலங்கும். மறுநாள் இறால் கரையோரமாக, மேல்மட்டத்தில் சோர்ந்து நீந்தும். ஒன்றைப் பிடித்துத் தலையோட்டை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அவ்வளவுதான், முடிந்தது. மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் மொத்தமும் போய்விடும். நோய் வந்த குளத்தில் காக்கை ஒரு இறாலைக் கொத்தித் தூக்கி அடுத்த குளத்தில் போட்டால் அங்கேயும் பரவும். அதனால்தான் குளத்துக்கு மேலே நூல் கட்டுகிறோம், நண்டு ஏறி வராமல் சுற்றி வேலி போடுகிறோம். ஏரேட்டர், பி.சி.ஆர். சோதனை, மருந்துக் கம்பெனி ஆள் என்று எல்லாம் நம் பக்கம். எதிர்ப்பக்கம் மூளை இல்லாத, கண் இல்லாத, வயிறுகூட இல்லாத ஒரு வைரஸ். 1990-களில் எங்கள் கடற்கரை முழுக்கப் புலி இறாலை அதுதான் காலி செய்தது. அப்புறம் 2009-இல் வனாமி என்ற வேறு வகை இறால் வந்தது. இந்த வெள்ளைப்புள்ளி நோய் அதையும் விடவில்லை.

உச்சம் யார் என்று எனக்குக் கடன் கொடுத்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

#9 சும்மாவந்தவன்

இந்த இழையில் இதுவரை வந்த ஒரே உருப்படியான பதிவு #8.

#10 கட்டுமரம்

எல்லோரும் மனிதனை மட்டம் தட்டுவதையே அறிவாளித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

இறால்குளம் அண்ணே, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் வைரஸுக்குத் தான் ஜெயித்தது தெரியாது. நமக்குத் தெரியும், அதனால் திருப்பி அடிக்கவும் தெரியும். பெரியம்மை பல நூற்றாண்டுகள் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். 1980-இல் உலக சுகாதார அமைப்பு ஒழிந்தது என்று அறிவித்தது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த ரிண்டர்பெஸ்ட் 2011-இல் ஒழிந்தது. இன்னொரு உயிரினத்துக்கு வந்த நோயையும் சேர்த்து ஒழித்த உயிர் வேறு எது?

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ பக்கம் விண்கல் விழுந்தபோது டைனோசர்களால் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மேல் போய் மோதியது. அது தன் துணையைச் சுற்றிவரும் நேரம் 32 நிமிடம் போலக் குறைந்தது. 350 கோடி ஆண்டுக்கும் மேலான உயிர்களின் வரலாற்றில், ஒரு வான்பொருளின் பாதையை வேண்டுமென்றே மாற்றிய முதல் உயிர். இதற்கும் கரப்பானுக்கும் ஒரே உயரம் என்றால், உங்கள் அளவுகோலில்தான் கோளாறு.

இன்னொன்று. கண் என்பது தனித்தனியாகப் பல பத்து முறை தோன்றியிருக்கிறது. ஆக்டோபஸுக்கும் நமக்கும் லென்ஸ் வைத்த கண், இரண்டும் தனித்தனி வழியில் வந்தவை. காக்கை, டால்பின், ஆக்டோபஸ், குரங்கு என்று புத்திசாலித்தனமும் பல கிளைகளில் தலைகாட்டுகிறது. அப்படியென்றால் பரிணாமம் ஒரு திசை நோக்கித்தான் போகிறது என்று ஏன் சொல்லக் கூடாது?

#11 மேலமாசிவீதி

கட்டுமரம், நன்றி. நான் சொல்ல நினைத்ததை நீங்கள் ஒழுங்காகச் சொல்லிவிட்டீர்கள்.

#12 பல்லாண்டு

நான் பல் மருத்துவர். 'உச்ச'த்தை வாரத்துக்குச் சிலமுறை நாற்காலியில் படுக்க வைத்துப் பார்க்கிறேன்.

ஞானப்பல் தெரியும் அல்லவா? எக்ஸ்ரேயில், நிமிர்ந்து நிற்க வேண்டிய பல் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லின் வேரை முட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு. அதில் பட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும் என்பதால், ஈறைத் திறந்து, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக அறுத்துத் துண்டு துண்டாக எடுப்போம். நோயாளி கேட்பார், 'இந்தப் பல் எதுக்கு டாக்டர் முளைக்குது?' சமைத்த மெதுவான சாப்பாடு வந்தது, தாடை சிறுத்தது, பல் எண்ணிக்கை மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. முதலைக்கு ஒரே இடத்தில் 50 தடவை வரை புதுப் பல் வரும். நமக்கு இரண்டே தடவை, மூன்றாவதை நாங்கள்தான் பீங்கானில் செய்து வைக்கிறோம்.

பேச்சுக்கு உதவும் குரல்வளை நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து கிளம்பி, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. மீனுக்கு அது நேர்வழி. கழுத்து நீண்டபோது யாரும் பிரித்துக் கட்டவில்லை, பழைய வீட்டுக்கு ஒயர் இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே போனது. ஒட்டகச்சிவிங்கியில் அது நான்கு மீட்டருக்கும் மேல் சுற்றுகிறது. வைட்டமின் சி இன்னொரு கதை. ஆடும் நாயும் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அதற்கான மரபணு உடைந்த நிலையில் இருக்கிறது, குரங்குகளுக்கும் அப்படியே. ஈறில் ரத்தம் வந்து, பல் ஆடி, கப்பல்காரர்கள் சாரிசாரியாகச் செத்தது அதனால்தான்.

ஆக்டோபஸ் கண்ணைச் சொன்னீர்களே கட்டுமரம், அதற்குக் குருட்டுப்புள்ளி கிடையாது. நமக்கு உண்டு.

#13 கட்டுமரம்

டாக்டரம்மா, குறை இருந்தால் உச்சம் இல்லை என்று எப்படி ஆகும்? நரம்பு சுற்றிப் போனாலும் பேசுவது நாம்தானே?

#14 கூழாங்கல்

கட்டுமரம் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. பெரியம்மையை ஒழித்தது சின்ன விஷயமே இல்லை. ஒருவர் கற்றதை அடுத்த தலைமுறை வாங்கி அதன் மேல் அடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிற அளவுக்கு எந்த உயிரிடமும் இல்லை. ஆனால் கேள்வி 'மனிதன் திறமைசாலியா' என்பது இல்லை. 'பரிணாமம் இதை நோக்கி ஏறி வந்ததா' என்பது. அங்கேதான் ஆதாரம் எதிராகப் போகிறது.

1988-இல் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் அமெரிக்காவில் ஈ.கோலி பாக்டீரியாவை 12 குடுவைகளில் தனித்தனியாக வளர்க்கத் தொடங்கினார். ஒரே வம்சம், ஒரே சாப்பாடு, ஒரே வெப்பம். தினமும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். சோதனை இன்றும் ஓடுகிறது. குடுவைத் திரவத்தில் சிட்ரேட்டும் உண்டு, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலிக்கு அதைச் சாப்பிடத் தெரியாது. 31,000 தலைமுறைக்கு மேல் ஆனபின் ஒரே ஒரு குடுவையில் மட்டும் அந்தத் திறமை வந்தது. மற்ற 11-உம் பசியோடு அதே திரவத்தில் மிதந்துகொண்டிருந்தன. திசை என்று ஒன்று இருந்தால் இன்னும் இரண்டு மூன்றாவது அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டாமா?

மூளையும் ஒரே திசையில் வளரவில்லை. 2003-இல் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் கிடைத்த குள்ள மனித இனத்துக்கு மூளை சுமார் 400 கன செ.மீ., சிம்பன்சி அளவு. கல்லாயுதம் செய்து, பல ஆயிரம் தலைமுறை நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். மூளை விலை அதிகமான சரக்கு. உடல் எடையில் 2 சதவீதம், ஆனால் ஓய்வில் செலவாகும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது. கட்டுப்படியாகாத இடத்தில் குறையும். கடலில் 'சீ ஸ்குவர்ட்' என்று ஒரு பிராணி. குஞ்சாக இருக்கும்போது நீந்த ஒரு சின்ன மூளை வைத்திருக்கும். பாறையில் ஒட்டி உட்கார்ந்ததும் அதைக் கரைத்துவிடும்.

#15 சும்மாவந்தவன்

அரசு வேலை கிடைத்ததும் நடப்பதுதானே.

#16 நீலமலை

நான் நீலகிரியில் செவிலியர். அரிவாள் செல் ரத்தசோகையை இந்தியாவில் முதன்முதலில் கண்டறிந்தது எங்கள் மலையின் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அந்த நோய்க்கான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. அதனால்தான் அந்த மரபணு பெருகியது. இரண்டு பிரதியும் வந்துவிட்டால் சிவப்பணு வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். பெற்றோர் இருவருக்கும் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

குளிர் அதிகமான நாட்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முழங்கால், முதுகு, சிலருக்கு விரல்கள் மொத்தமும் வீங்கியிருக்கும். தொட்டாலே அலறும். கம்பளியில் சுற்றி, தண்ணீர் குடிக்க வைத்து, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். மலேரியாக் கணக்கில் அந்த மரபணு லாபம். அந்தக் கணக்கில் கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இடமே இல்லை. பரிணாமம் நம்மை எங்கோ கொண்டுபோகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வரும்.

#17 மேலமாசிவீதி

நீலமலை அக்கா, இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, இப்படிக் கேட்கிறேன். திறமை வேண்டாம், குறையும் வேண்டாம். வெற்றியை வைத்துப் பார்ப்போம். 800 கோடி பேர் இருக்கிறோம், உலகம் முழுக்கப் பரவியிருக்கிறோம். எண்ணிக்கையிலாவது நாம் முன்னால் இல்லையா?

#18 கூழாங்கல்

அதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த ஆய்வு. உலகத்து உயிர்கள் மொத்தத்தையும் அவற்றில் உள்ள கார்பனாகக் கணக்கிட்டால் சுமார் 55,000 கோடி டன். அதில் 45,000 கோடி டன் தாவரங்கள், 7,000 கோடி டன் பாக்டீரியா. விலங்குகள் எல்லாம் சேர்ந்து 200 கோடி டன். மனிதர்கள் 6 கோடி டன். நாம் வளர்க்கும் ஆடு மாடுகளே நம்மைவிட அதிகம்.

உலகத்தை மாற்றியதில் பார்த்தாலும், நாம் கரியமில வாயுவைக் கூட்டி இருநூறு சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. சயனோபாக்டீரியா சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காற்றில் ஆக்சிஜனை நிரப்பி, இந்தக் கிரகத்தின் வேதியியலையே புரட்டிப் போட்டது. நீங்கள் இப்போது மூச்சு விடுவது அந்த வரவுசெலவில்தான்.

#19 சும்மாவந்தவன்

டி.என்.ஏ. அளவில்?

#20 கூழாங்கல்

மனிதனுக்குச் சுமார் 320 கோடி எழுத்து. வெங்காயத்துக்குச் சுமார் 1,600 கோடி.

#21 சும்மாவந்தவன்

நறுக்கும்போது அழுவதற்கு இன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

#22 வெண்பாப்பிரியன்

பல்லாண்டு அம்மா சொன்ன 'பிறவும் உளவே' என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அறிவியல்படி 'அக்கிளைப் பிறப்பு' என்று சொல்லத்தக்க வேறு யாராவது நம் நாட்டுப் பக்கம் இருந்திருக்கிறார்களா?

#23 கூழாங்கல்

இருந்திருக்கிறார்கள் ஐயா, திருவள்ளூர் மாவட்டத்திலேயே.

கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863-இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்துக்கும் போனார். நம் காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அடியில் கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில், சுமார் 3 லட்சம் ஆண்டு. ஆக, அத்திரம்பாக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தவர்கள் நாம் இல்லை. மனித எலும்பு கிடைக்காததால் எந்த இனம் என்று சொல்ல முடியவில்லை. அதே வகைக் கருவிகளை மற்ற நாடுகளில் ஹோமோ எரெக்டஸ் என்ற பழைய மனித இனம் செய்திருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்தவை இருக்கின்றன, போய்ப் பாருங்கள். குவார்ட்சைட் கல். உள்ளங்கைக்கு அடங்கும் அகலம், கண்ணீர்த் துளி போன்ற வடிவம், இரண்டு முகத்திலும் சில்லு சில்லாகப் பெயர்த்து விளிம்பைக் கூர்மையாக்கியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் அடித்தால் எந்தப் பக்கம் சில்லு தெறிக்கும் என்று கல்லை முன்கூட்டியே மனதில் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது. நான் ஆற்றுக்கல்லில் முயன்று பார்த்ததில் கட்டைவிரல்தான் நசுங்கியது.

பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாராவது இந்த இழையைத் தொடங்கியிருந்தால், 'எங்களைவிட நல்ல கருவி செய்தவர் உண்டா, நாங்களே உச்சம்' என்று அவர்கள்தான் எழுதியிருப்பார்கள். உண்மையும்கூட, அன்றைக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. எரெக்டஸ் சுமார் 17, 18 லட்சம் ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. நாம் 3 லட்சம் முடித்திருக்கிறோம்.

#24 கட்டுமரம்

சரி, பரிணாமம் நம்மைக் குறிவைத்து வரவில்லை என்பதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சிறுகோளை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#25 கூழாங்கல்

அதை யாரும் கேட்கவே இல்லையே.

#26 இறால்குளம்

எனக்கு ஒரே ஒரு சந்தேகம், சார். வெள்ளைப்புள்ளி வந்த குளத்திலும் சில சமயம் கொஞ்சம் இறால் தப்பிக்கும். இவ்வளவு வருடமாகத் தப்பித்துத் தப்பித்து, நோய் தாங்குகிற இறால் தானாக வந்திருக்க வேண்டுமே? பரிணாமம் என் குளத்தில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

#27 கூழாங்கல்

நல்ல கேள்வி அண்ணே. தப்பித்த இறால் குஞ்சு பொரித்தால்தானே அந்தத் தாங்கும் சக்தி அடுத்த தலைமுறைக்குப் போகும்? நீங்கள் விடும் சீட், அதாவது இறால் குஞ்சு, ஹேச்சரி என்ற பொரிப்பகத்திலிருந்து வருகிறது. அந்த ஹேச்சரியின் தாய் இறால் பெரும்பாலும் வெளிநாட்டில் நோயே அண்டாத இடத்தில் வளர்த்து இறக்குமதி செய்தது. உங்கள் குளத்து வைரஸை அது பார்த்ததே இல்லை. வைரஸோ உங்கள் குளத்திலேயே பெருகி அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தேறுகிறது. ஒரு பக்கம் மட்டும்தான் பரிணமிக்கிறது. தப்பித்த இறால் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

#28 இறால்குளம்

அமெரிக்காவுக்கு. ஐஸ் போட்டு நான்தான் வண்டியில் ஏற்றுகிறேன்.